பாம்பு நஞ்சு தசையில் செய்வது என்ன?

பாம்பு நஞ்சைப் பற்றித் தமிழில் எழுதப்படுபவை பெரும்பாலும் அதை இரண்டாகப் பிரித்துவிடுகின்றன: நல்ல பாம்பும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்கும், கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் இரத்தத்தைத் தாக்கும். இந்தப் பிரிவினையில் பெரிய தவறில்லை. கடிபட்டவர் பிழைப்பாரா என்பதை முதல் சில மணி நேரத்தில் தீர்மானிப்பவை பெரும்பாலும் இந்த இரண்டுமே. ஆனால் பிழைத்தவர்களில் பலர் மடங்காத விரலோடும் மெலிந்துபோன கெண்டைக்காலோடும் மிச்ச வாழ்நாளைக் கழிப்பதற்கான காரணத்தை இந்த இரண்டு சொற்களுக்குள் அடக்க முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுக்கு 81,000 முதல் 1,38,000 பேர் வரை பாம்புக்கடியால் இறக்கிறார்கள். உறுப்பை இழப்பவர்களும் நிரந்தர ஊனமடைபவர்களும் ஏறக்குறைய அதைப் போல மூன்று மடங்கு. அந்த மூன்று மடங்கில் பெரும்பகுதி தசையின் கதை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

இந்தக் கதையை மிகப் பொறுமையாகப் பிரித்துப் படித்தவர்கள், என் மதிப்பில், கோஸ்டாரிகா நாட்டுக்காரர்கள். கோஸ்டாரிகா பல்கலைக்கழகத்தின் கீழ் 1970இல் தொடங்கப்பட்ட குளோடோமிரோ பிகாடோ நிறுவனம் பாம்புக்கடி மருந்தையும் தயாரிக்கிறது, நஞ்சைப் பற்றிய அடிப்படை ஆராய்ச்சியையும் செய்கிறது. இரண்டும் ஒரே கூரையின் கீழ் நடப்பது உலகில் அரிது. அந்நாட்டின் ஈரக்காடுகளிலும், காட்டை அழித்து உருவான வயல்களிலும் தோட்டங்களிலும் வாழும் போத்ராப்ஸ் ஆஸ்பர் என்ற விரியனை அங்கே டெர்சியோபெலோ என்று அழைக்கிறார்கள். அது கடித்த கையோ காலோ சில மணி நேரத்தில் வீங்கி, இரத்தம் கன்றி, உள்ளே தசை செத்துப்போகும். 1980களிலிருந்து ஹோசே மரியா குட்டியெரெஸ், புரூனோ லோமோன்டே ஆகியோரும் அவர்களோடு பணிபுரிந்தவர்களும் இந்தத் தசைச் சாவுக்குக் காரணமான புரதங்களைத் தனித்தனியாகப் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று பார்த்தார்கள்.

முதன்மைக் குற்றவாளி பாஸ்போலிப்பேஸ் ஏ2 என்ற நொதிக் குடும்பம். ஏறத்தாழ 120 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய, உறுதியான புரதம் அது. இந்தக் குடும்பம் நமக்கு அந்நியமானதல்ல. உணவிலுள்ள கொழுப்பைச் செரிக்க நம் கணையம் சுரப்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த நொதிதான். நாகம், கட்டுவிரியன், கடல் பாம்பு ஆகியவற்றின் நஞ்சிலுள்ள வடிவங்கள் அமைப்பில் அந்தக் கணைய நொதிக்கு நெருங்கியவை. விரியன்களின் நஞ்சிலுள்ளவையோ நம் உடலில் அழற்சியின்போது சுரக்கும் வேறொரு வடிவத்துக்கு நெருங்கியவை. இந்த இரண்டாவது உறவு பின்னால் நமக்குப் பயன்படும்.

செல் சவ்வு பாஸ்போலிப்பிடுகளால் ஆனது. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் நீரை விரும்பும் ஒரு தலையும் நீரை வெறுக்கும் இரண்டு வால்களும் உண்டு. பாஸ்போலிப்பேஸ் ஏ2 அந்த இரண்டு வால்களில் ஒன்றை, எப்போதும் ஒரே இடத்தில், வெட்டிவிடுகிறது. வெட்டுண்ட வால் கொழுப்பமிலமாகப் பிரிகிறது. ஒற்றை வாலோடு மிஞ்சுவது லைசோபாஸ்போலிப்பிட். ஒற்றை வால் மூலக்கூறு தட்டையான படலத்தில் ஒழுங்காக உட்காராது, சவர்க்காரத்தைப் போன்ற குணம் கொண்டது. போதிய அளவு சேர்ந்தால் சவ்வு தன் கட்டுக்கோப்பை இழந்து கசியத் தொடங்குகிறது. இந்த வெட்டு நடைபெற நொதிக்கு ஒரு கால்சியம் அயனி கட்டாயம் வேண்டும். அதைப் பிடித்து வைத்திருப்பது புரதச் சங்கிலியின் 49ஆம் இடத்திலுள்ள ஆஸ்பார்ட்டிக் அமிலம்.

இதுவரை பாடநூல் விளக்கம். இதைக் குழப்பிவிட்ட புரதம் 1984இல் அறிமுகமானது. அமெரிக்காவின் நீர்நிலைகளில் வாழும் ஒரு விரியனின் நஞ்சில், 49ஆம் இடத்தில் ஆஸ்பார்ட்டிக் அமிலத்துக்குப் பதிலாக லைசின் இருக்கும் ஒரு வடிவத்தை மரகனோரும் ஹைன்ரிக்சனும் அவர்களுடைய குழுவினரும் கண்டறிந்தார்கள். லைசின் நேர்மின்னூட்டம் கொண்டது, கால்சியமும் அப்படியே, ஒன்றையொன்று விலக்கும். கால்சியம் உட்கார இடமில்லை என்றால் வெட்டும் வேலையும் இல்லை. வேலையிழந்த நொதி தீங்கற்றதாக இருக்க வேண்டுமல்லவா? ஆனால் லைசின்-49 வடிவங்கள் பல விரியன்களின் நஞ்சில் ஏராளமாக இருக்கின்றன, எலியின் தசையில் செலுத்தினால் தசையைக் கொல்லவும் செய்கின்றன. டெர்சியோபெலோவின் நஞ்சில் உள்ள அத்தகைய புரதத்துக்கு மயோடாக்சின் 2 என்று பெயர். வெட்டாமல் எப்படிக் கொல்கிறது?

லோமோன்டேயின் குழு இதற்கு ஒரு துப்பைக் கண்டுபிடித்தது. ஹெப்பாரின் என்ற, எதிர்மின்னூட்டம் மிகுந்த சர்க்கரைச் சங்கிலி இந்த நஞ்சைச் செயலிழக்கச் செய்தது. அப்படியானால் நஞ்சின் வலிமை நேர்மின்னூட்டம் திரண்டிருக்கும் ஏதோ ஒரு பகுதியில் இருக்க வேண்டும். தேடியபோது அது சங்கிலியின் வால் முனையில், 115ஆம் இடத்துக்கும் 129ஆம் இடத்துக்கும் இடையில் கிடைத்தது (இந்த எண்ணிடும் முறையில் சில எண்கள் காலியாக விடப்படுகின்றன). அந்தப் பகுதியை மட்டும், வெறும் 13 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டாக, ஆய்வகத்தில் செய்து வளர்ப்புத் தசைச் செல்கள்மீது இட்டபோது அத்துண்டே செல்களைக் கொன்றது. அதன் 13 இடங்களில் ஐந்தில் லைசின். நடுவில் கொழுப்போடு ஒட்டும் குணமுள்ள டைரோசின்களும் லியூசின்களும். மின்னூட்டம் சவ்வின் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொள்ள, கொழுப்பை நாடும் பகுதி உள்ளே நுழைந்து சவ்வைச் சிதைக்கிறது. ஆக, ஒரே நஞ்சுக்குள் வெட்டும் வடிவமும் துளைக்கும் வடிவமும் சேர்ந்தே இருக்கின்றன. இரண்டும் சேரும்போது சேதம் தனித்தனிச் சேதங்களின் கூட்டலைவிட மிகுகிறது என்பதும் 2014இல் அதே நிறுவனத்தின் சோதனைகளில் தெரியவந்தது.

சவ்வு உடைந்த பிறகு நடப்பதைத்தான் நான் இந்த விஷயத்தின் மையமாகக் கருதுகிறேன், ஏனென்றால் அங்கிருந்து தசையைக் கொல்வது நஞ்சு அல்ல, தசையின் சொந்த இயந்திரம்தான். ஒரு தசைநார் என்பது பல உட்கருக்கள் கொண்ட, நீண்ட, ஒரே செல். ஓய்வு நிலையில் அதன் உள்ளே இருப்பதைப் போல ஏறத்தாழ 10,000 மடங்கு கால்சியம் வெளியே இருக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வைக் காக்கவே செல் தன் ஆற்றலில் கணிசமான பங்கைச் செலவிடுகிறது. உள்ளே கால்சியம் கூடுவதுதான் தசை சுருங்குவதற்கான சைகை. சவ்வில் ஓட்டை விழுந்ததும் கால்சியம் தடையின்றி உள்ளே பாய்கிறது. தசைநார் சுருங்குகிறது, சைகை நிற்காததால் சுருக்கமும் நிற்பதில்லை. சுருக்க இழைகள் ஆங்காங்கே அடர்ந்த கட்டிகளாகத் திரள, இடையிலுள்ள பகுதிகள் வெறுமையாகின்றன; அந்த இழுவையே சவ்வை மேலும் கிழிக்கிறது. நஞ்சு செலுத்தி சில நிமிடங்களிலேயே நுண்ணோக்கியில் தசைநாரின் விளிம்பில் ஆப்பு வடிவில் வெளிறிய பகுதிகள் தெரியத் தொடங்குகின்றன. சவ்வு முதலில் விட்டுக்கொடுத்த இடங்கள் அவை. கால்சியத்தை உறிஞ்சிக் காப்பாற்ற முயலும் மைட்டோகாண்டிரியாக்கள் அதனாலேயே வீங்கிச் செயலிழக்கின்றன. கால்சியத்தால் தூண்டப்படும் கால்பெயின் போன்ற புரதம் அரிக்கும் நொதிகள் உள்ளமைப்பை அறுக்கின்றன. செல்லுக்குள் ஏற்கெனவே இருக்கும் வேறு வகைப் பாஸ்போலிப்பேஸ்களும் விழித்துக்கொண்டு, உள்ளிருந்தே சவ்வைத் தின்னத் தொடங்குகின்றன.

கால்சியம் உள்ளே போகும் அதே வழியில் உள்ளிருப்பவை வெளியேறுகின்றன. சிறியது முதலில் போகும்: பொட்டாசியம், செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏ.டி.பி., பிறகு தசையில் ஆக்சிஜனைச் சேமிக்கும் சிவப்புப் புரதமான மயோகுளோபின், பிறகு கிரியேட்டின் கைனேஸ் போன்ற பெரிய புரதங்கள். போத்ராப்ஸ் நஞ்சால் சிதையும் தசை பெருமளவில் ஏ.டி.பி.யையும் பொட்டாசியத்தையும் கொட்டுகிறது என்றும், இவை அருகிலுள்ள செல்களுக்குச் சேதத்தையும் வலியையும் பரப்பக்கூடும் என்றும் 2010இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கடித்த இடத்தில் வலி அவ்வளவு கடுமையாக இருப்பதற்கு இது காரணங்களுள் ஒன்றாக இருக்கலாம் என்பது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

இவ்வளவும் கடித்த காலோடு முடிவதா, உடல் முழுவதும் பரவுவதா என்பது பாம்பைப் பொறுத்தது. பெரும்பாலான விரியன்களின் தசை நஞ்சு கிடைக்கும் செல்களிலெல்லாம் ஒட்டிக்கொள்வதால் கடித்த இடத்திலேயே செலவாகிவிடுகிறது என்றும், கடல் பாம்புகளின் தசை நஞ்சு தசைநாரைத் தேர்ந்து பற்றுவதால் இரத்தத்தோடு பயணித்துத் தொலைவிலுள்ள தசைகளையும் சேர்கிறது என்றும் ஒரு விளக்கம் உண்டு. கடல் பாம்புக்கடியை முறையாக விவரித்தவர் 1950களிலும் 60களிலும் மலாயாவின் பினாங்கில் பணியாற்றிய மருத்துவர் அலிஸ்டர் ரீட். அவரிடம் வந்தவர்களில் மீனவர்களே அதிகம். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. ஆனால் சிறிது நேரத்தில் கழுத்தும் முதுகும் தொடையும் வலிக்கும், தாடை இறுகும், கையை அசைத்தாலே அலறும் அளவுக்கு நோகும்; சில மணி நேரத்தில் சிறுநீர் கருஞ்சிவப்பாகும். அந்த நிறம் இரத்தம் அன்று, சிதைந்த தசையிலிருந்து வெளியேறிய மயோகுளோபின். ரீட் பார்த்த கடிகளுக்கு முக்கியக் காரணமாக இருந்த கொக்கிமூக்குக் கடல் பாம்பு தமிழகக் கரையிலும் இலங்கைக் கரையிலும் வலையில் சிக்குகிற பாம்புதான். இந்தியாவில் தயாராகும் கூட்டு நச்சுமுறி மருந்து நான்கு நிலப் பாம்புகளை மட்டுமே கணக்கில் கொண்டது. கடல் பாம்பு அதில் இல்லை.

நிலத்திலும் விதிவிலக்கு உண்டு. விரியன் என்றால் உள்ளூர்ச் சேதமும் இரத்தம் உறையாமையும் என்ற பொது வரையறையை மீறி, இலங்கையின் கண்ணாடி விரியன் கடித்தவர்களிடம் கண்ணிமை சரிதலோடு உடல் தழுவிய தசைச் சிதைவும் காணப்படுவதை 1988இல் வெளியான ஓர் ஆய்வு பதிவுசெய்தது. இத்தனைக்கும் இலங்கையின் கண்ணாடி விரியனும் தென்னிந்தியாவினுடையதும் ஒரே இனம்.

இரத்தத்தில் சேரும் மயோகுளோபின் சிறுநீரகத்தின் நுண்குழல்களில் படிந்து அவற்றை அடைக்கிறது, நச்சாகவும் செயல்படுகிறது. கசிந்த பொட்டாசியம் இதயத் துடிப்பையே நிறுத்தவல்லது. நம் மருத்துவமனைகளில் பாம்புக்கடிக்கு முதலில் செய்யப்படும் 20 நிமிட இரத்த உறைவுச் சோதனை எளிமையானது, மிகப் பயனுள்ளது. ஆனால் அது கேட்கும் கேள்வி இரத்தத்தைப் பற்றியது மட்டுமே. தசையைப் பற்றி அறியச் சிறுநீரின் நிறத்தைப் பார்க்க வேண்டும், கிரியேட்டின் கைனேஸ் அளவைப் பார்க்க வேண்டும். சிறுநீர்ச் சோதனைக் குச்சி இரத்தம் என்று காட்டி, நுண்ணோக்கியில் சிவப்பணு ஒன்றுமே தெரியாவிட்டால், மயோகுளோபினைச் சந்தேகிக்கலாம்.

இனி, ஊனம் ஏன் வருகிறது என்ற கேள்வி. செத்த தசை நிரந்தரமாகப் போய்விடுகிறது என்று நினைக்கத் தோன்றும், உண்மை அப்படியல்ல. ஒவ்வொரு தசைநாரையும் சுற்றி அடிப்படலம் என்ற மெல்லிய புரத உறை, தலையணை உறையைப் போல, போர்த்தியிருக்கிறது. உறைக்கும் தசைநாருக்கும் நடுவே சாட்டிலைட் செல்கள் என்ற சிறு செல்கள் உறங்கிக் கிடக்கின்றன. 1961இல் அலெக்சாண்டர் மௌரோ எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இவற்றைக் கண்டு விவரித்தார். தசைநார் செத்ததும் வெள்ளணுக்கள் உறைக்குள் புகுந்து குப்பையை அள்ளுகின்றன. சாட்டிலைட் செல்கள் விழித்துப் பெருகி, ஒன்றோடொன்று இணைந்து, அதே உறைக்குள் புதிய தசைநாரை வளர்க்கின்றன. எலிகளில் மூன்று, நான்கு வாரங்களில் இது ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. உட்கரு ஓரத்தில் இல்லாமல் நடுவில் இருப்பது மட்டுமே அது புதுத் தசை என்பதற்கான அடையாளம். இதை ஆராய உலகெங்கும் ஆய்வகங்களில் தசையைக் கொல்லப் பயன்படுவது எது தெரியுமா? ஆஸ்திரேலியப் புலிப் பாம்பின் நோடெக்சினும் நாகங்களின் கார்டியோடாக்சினும்தான். பாம்பு நஞ்சு தசைநாரை மட்டும் அழித்து, உறையையும் சாட்டிலைட் செல்களையும் இரத்த நாளங்களையும் விட்டுவைப்பதால் மறுவளர்ச்சியைப் படிக்க அது மிக வசதியான கருவி.

ஒரே பொருள் ஆய்வகத்தில் நேர்த்தியான மறுவளர்ச்சிக்கும் வயலில் ஊனத்துக்கும் காரணமாவது எப்படி? இதற்கான விடையை 1984இலேயே குட்டியெரெஸும் ஷார்லட் ஓன்பியும் ஜார்ஜ் ஓடலும் எலிகளில் காட்டினார்கள். டெர்சியோபெலோவிலிருந்து பிரித்தெடுத்த தசை நஞ்சை மட்டும் செலுத்தியபோது தசை செத்தது, பிறகு நன்றாகவே வளர்ந்தது. முழு நஞ்சைச் செலுத்தியபோது மறுவளர்ச்சி குறைப்பட்டது. தசை இருந்த இடத்தில் தழும்புத் திசு வந்தது. முழு நஞ்சில் கூடுதலாக இருப்பவற்றுள் முக்கியமானவை துத்தநாகத்தைக் கொண்டு இயங்கும் மெட்டலோபுரோட்டினேஸ்கள். அவை தசைநாரை நேரடியாகக் குறிவைப்பதில்லை. தந்துகிகளின் சுவரைத் தாங்கும் நான்காம் வகைக் கொலாஜனை அறுக்கின்றன. வலுவிழந்த சுவர் இரத்த ஓட்டத்தின் அழுத்தத்திலேயே புடைத்து, சில நிமிடங்களில் உடைகிறது. இரத்தம் தசைக்குள் கசிகிறது, தசைக்கு வர வேண்டிய இரத்தம் வராமல் போகிறது. தசைநாரின் உறையும் அதே கொலாஜனால் ஆனதால் அதுவும் தப்புவதில்லை. குப்பையை அள்ள வர வேண்டிய வெள்ளணுக்களுக்கு வழியில்லை, புதுச் செல்களுக்கு ஆக்சிஜன் இல்லை, வடிவம் தர உறை இல்லை.

எனவே தசை செத்தது எவ்வளவு என்பதைவிட, அது மீண்டும் வளரும் நிலம் எவ்வளவு மிஞ்சியது என்பதே ஊனத்தைத் தீர்மானிக்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். கடிபட்ட காலை இறுகக் கட்டும் பழக்கத்தின் தீமையும் இங்கேதான் தெளிவாகிறது. விரியன் கடித்த காலில் போடும் இறுக்கமான கட்டு, நஞ்சு ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் இரத்தத் தடையை நம் கையாலேயே முழுமையாக்குகிறது.

நச்சுமுறி மருந்து உயிரைக் காப்பது போலத் தசையைக் காக்காததற்குப் பலர் மருந்தின் தரத்தைக் குறை சொல்கிறார்கள். தரம் ஒரு பிரச்சினைதான், ஆனால் இதில் முக்கியம் நேரம். நஞ்சையும் நச்சுமுறியையும் சோதனைக்குழாயில் கலந்து பிறகு செலுத்தினால் எலியின் தசை காப்பாற்றப்படுகிறது. நஞ்சைச் செலுத்திவிட்டுப் பிறகு மருந்தைத் தந்தால், தாமதத்துக்கு ஏற்ப, பயன் வேகமாகக் குறைகிறது. சவ்வு நிமிடங்களில் உடைகிறது. மருந்தோ பெரிய புரதம், நாளம் வழியாக வந்து, அதுவும் உடைந்துபோன நாளங்கள் வழியாகவே, சேதமான இடத்தை அடைய வேண்டும். ஆட்டோ பிடித்து, ஆரம்ப சுகாதார நிலையம் போய், அங்கிருந்து அனுப்பப்பட்டு மாவட்ட மருத்துவமனை சேர்வதற்குள் கடித்த இடத்தின் விதி பெரும்பாலும் முடிந்திருக்கும். அப்போதும் மருந்து அவசியமே; சுற்றிவரும் நஞ்சைப் பிடிக்க வேறு வழியில்லை.

அதனால்தான் கடிபட்டவுடன் அங்கேயே விழுங்கக்கூடிய சிறு மூலக்கூறுகள்மீது இப்போது நம்பிக்கை. வரெஸ்பிளாடிப் என்ற மருந்து பாம்புக்காக உருவானதல்ல. மேலே சொன்ன மனித அழற்சி நொதியைத் தடுக்க உருவாக்கப்பட்டு, இதய நோயாளிகளிடம் நடந்த பெரிய சோதனையில் தோற்றுப்போனது. விரியன்களின் நொதி அதற்கு உறவு என்பதால், பல பாம்புகளின் பாஸ்போலிப்பேஸை மிகக் குறைந்த அளவிலேயே அது அடக்குவதை 2016இல் மேத்யூ லூவினும் சக ஆய்வாளர்களும் காட்டினார்கள். வெட்டாத லைசின்-49 வடிவத்தையும் அது கட்டுகிறது என்பது எனக்கு வியப்பாக இருந்தது. வெட்டும் திறனை இழந்தாலும் கொழுப்பு வால் நுழையும் பழைய வழி அந்தப் புரதத்தில் அப்படியே இருக்கிறது, மருந்து போய் அடைத்துக்கொள்வது அந்த வழியைத்தான் என்று 2019இல் வெளியான படிக அமைப்பு காட்டியது. அமெரிக்காவிலும் இந்தியாவிலும் நடந்த மருத்துவச் சோதனையின் முடிவு 2024இல் வந்தது. முதன்மை அளவுகோலில் மருந்து வெல்லவில்லை. கடித்து 5 மணி நேரத்துக்குள் சேர்ந்தவர்களிடம் பயன் இருக்கலாம் என்ற குறிப்பு மட்டும் கிடைத்தது.

மேலே சொன்ன 1984 சோதனையை நினைத்தால் இந்த முடிவு எனக்கு அதிர்ச்சி தரவில்லை. விரியன் கடியில் தசைநாரைக் கொல்லும் நொதியை மட்டும் தடுத்துவிட்டு, நாளங்களையும் உறையையும் அறுக்கும் நொதியை விட்டுவைத்தால், தசையின் நிலம் காப்பாற்றப்படாது. மெட்டலோபுரோட்டினேஸைத் தடுக்கும் மாரிமாஸ்டாட்டும், இதுவும் புற்றுநோய்க்காக உருவாகித் தோற்ற மருந்தே, வரெஸ்பிளாடிப்பும் சேர்ந்து பல விரியன்களின் நஞ்சிலிருந்து எலிகளைக் காத்ததை லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் ஆய்வாளர்கள் 2020இல் காட்டினார்கள். கண்ணாடி விரியனுக்கு இந்த இரட்டை மருந்துதான் சரியான திசை என்று நினைக்கிறேன். தசை உறை அறுபடாத கடல் பாம்புக் கடியிலோ, தசைச் சேதத்தைப் பொறுத்தவரை வரெஸ்பிளாடிப் தனியாகவே போதுமானதாக இருக்கக்கூடும்; கரையிலிருந்து பல மணி நேரத் தொலைவில் வலை இழுப்பவரின் படகில் வைத்திருக்க, குளிர்பதனமும் ஊசியும் கேட்காத ஒரு மாத்திரைக்கு இதைவிடப் பொருத்தமான இடத்தை நான் யோசித்துப் பார்க்கவில்லை.